புதிய பயனர்

கருவி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் காலையில், சென்னியப்பன் கூடத்துக்கு வந்து, சுவரில் மாலையோடு தொங்கிய மகளின் படத்தைப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"சுகந்தி, இது யாரு செஞ்ச வேலை? புள்ள மேல கோவம்னா பேசாம இருக்கலாம். அதுக்காக உசுரோட இருக்கறவ படத்துக்கு மாலை போடறதா?"

சுகந்தியின் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அவர் கேட்டது முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவருடைய இடது காதுக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி தோலோடு ஒட்டியிருந்தது. அதற்கு நினைவி என்று பெயர். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் லாரி தட்டிச் சென்னியப்பன் தலையில் அடிபட்டுக் கிடந்தார். உயிர் பிழைத்தது. பேச்சு, நடை, லேத் ஓட்டும் கைப்பழக்கம் எதுவும் போகவில்லை. விபத்துக்கு முந்தைய நாள்வரை எல்லாம் நினைவிருந்தது. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் மூளையில் தங்கவில்லை. ஒரு பகல் தாங்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். அதனால்தான் அந்தக் கருவியைப் பொருத்தினார்கள். அவர் பார்ப்பதையும் கேட்பதையும் அது சேர்த்து வைக்கும். அதற்குள்ளேயே 'தேடி' என்று ஒரு வசதி இருந்தது. ஒரு முகத்தைப் பார்த்ததும், ஒரு எண்ணம் எழுந்ததும், அதற்குரியதைத் தேடி எடுத்து மூளைக்குக் கொடுத்துவிடும். கொடுப்பதே தெரியாது. தானாக ஞாபகம் வந்தது போலத்தான் அவருக்கு இருக்கும்.

முந்தைய நாள் மாலை, மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது என்று சுகந்தியின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அப்படி வருவது வழக்கம்தான். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்திருந்தாள்.

"ஏனுங்க, இப்படி உக்காருங்க" என்றாள் இப்போது. உட்கார வைத்து, விபத்து நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைக் காட்டினாள். நரைத்த தாடியை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, இலக்கியா இரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டதைச் சொன்னாள்.

அவர் எழுந்து போய், படத்தில் தொங்கிய மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் அவகிட்டப் பேசவே இல்லியே" என்றார்.

"பேசினீங்க. ஒரு வருசம் கழிச்சு நீங்களே போயிக் கூட்டிட்டு வந்தீங்க. கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதான்."

"பொய் சொல்லாத. நான் பேசினனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்திருந்தது விபத்துக்கு முந்தைய நாள். அன்றைக்கு இலக்கியா வீட்டை விட்டுப் போய், கூடப் படித்த ஜெயசீலனைப் பதிவுத் திருமணம் செய்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேறு சாதிப் பையன். 'அந்தக் கழுதை வந்தா கதவத் திறக்காத' என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பட்டறைக்குப் போயிருந்தார். அந்தக் கோபம் இப்போது அவருக்குள் நேற்று வந்தது போலப் புதிதாக இருந்தது. அதன் மேல் சாவுச் செய்தி வந்து விழுந்தது. நாள் முழுக்க அழுதார். சாயங்காலம் ஓய்ந்து, கொஞ்சம் மோர் குடித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையில் மறுபடியும் கூடத்துக்கு வந்து, "சுகந்தி, இது யாரு செஞ்ச வேலை?" என்றார்.

மூன்றாம் நாள் அவள் படத்தைக் கழற்றி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

*

நினைவியைச் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிய குரல், கருவியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போடச் சொன்னது. போட்டாள். தேடியை மட்டும் ரீசெட் செய்யச் சொன்னது. செய்தாள். இன்னொரு நாள் வேறொரு குரல், தேடியை நீக்கிவிட்டு மறுபடி பதிவிறக்கச் சொன்னது. கருவியோடு பிறந்த வசதி என்பதால் அதை நீக்க முடியவில்லை. போன் திரையில் தேடியின் சின்னம் பழையபடி இருந்தது. அதைத் தொட்டால் 'இந்த வசதி இப்போது கிடைக்கவில்லை. பிறகு முயலவும்' என்று வந்தது. அடுத்த புதுப்பிப்பில் சரியாகும் என்றார்கள். அடுத்த புதுப்பிப்பும் வந்தது. அன்றைக்கு அவள் விடிவதற்கு முன்பே எழுந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண் விழித்து, "என்ன புள்ள, இப்படி உக்காந்திருக்க? அந்தக் கழுதை வந்தாளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"வந்தா உள்ள விடாத."

"சரிங்க" என்றாள்.

அப்படிச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. சாவைச் சொன்னால் அவர் நாள் முழுக்க அழுவார். சொல்லாவிட்டால் மகளைத் திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, செய்தி பார்ப்பார். அவர் திட்டும்போது சுகந்தி துணி மடிப்பாள், பாத்திரம் துலக்குவாள். இறந்துபோன பிள்ளையை ஒருவர் தினமும் வைவதைக் கேட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்ய முடியும் என்பது அவளுக்கு முன்பு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயசீலன் வருவான். இலக்கியா இருந்தபோது இருவரும் சேர்ந்து வருவார்கள். அவள் போன பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. மத்தியானம் மாமனாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான். பிறகு இருவரும் கேரம் ஆடுவார்கள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். காய் விழும் சத்தம் மட்டும் சமையலறைக்குக் கேட்கும்.

தேடி நின்றுபோனதை சுகந்தி அவனிடம் போனில் சொல்லியிருந்தாள். "பரவால்ல அத்தை, நான் பக்குவமாப் பேசிக்கறேன்" என்றுதான் வந்தான். கேட்டைத் திறப்பதற்குள் சென்னியப்பன் பார்த்துவிட்டார்.

"எவ்வளவு தைரியம்டா உனக்கு? எம்புள்ளயக் கூட்டிட்டுப் போனது பத்தாதுன்னு எம்பட வாசல்லயே வந்து நிக்கற?"

"மாமா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"யாருடா மாமா?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முடியிலும் நரை விழத் தொடங்கியிருந்தது. கொண்டு வந்திருந்த பையைச் சுவர் மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். பையில் கொய்யாப்பழம் இருந்தது. சென்னியப்பன் அதை அப்படியே தூக்கிச் சாக்கடையில் போட்டார்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. போன் செய்து, "மாமா சாப்பிட்டாரா அத்தை?" என்று மட்டும் கேட்டான்.

*

கோயம்புத்தூரில் அந்த நிறுவனத்துக்கு ஒரு சேவை மையம் இருந்தது. அங்கே கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் ஹசீனாவுக்கு முப்பது வயதிருக்கும். கருவியைத் தன் கணினியோடு இணைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சென்னியப்பனை வெளியே டிவி பார்க்க உட்கார வைத்துவிட்டு, சுகந்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ம்மா, பதிவெல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு நாள்கூட அழியல. தேடியும் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பதிவுகளைப் படிக்க முடியல, அவ்வளவுதான். ஏழு வருசத்துக்கு முந்தி எழுதின முறை வேற. புதுப்பிப்புல அந்த முறையை எடுத்துட்டாங்க."

"பழையபடி மாத்திப் போட முடியாதா கண்ணு?"

"முடியாதும்மா. பழசுக்குப் போக விடாது. பாதுகாப்புக்காகன்னு சொல்லி அந்த வழிய அடைச்சுட்டாங்க. இவரை மாதிரி ஆரம்பத்துல பொருத்தினவங்க கொஞ்சப் பேருதான். அவங்களுக்காகத் தனியா யாரும் எழுத மாட்டாங்க. புது மாடல் வைக்கலாம்னா, இன்னொரு ஆபரேஷனைத் தலை தாங்காதுன்னு உங்க டாக்டரே எழுதியிருக்காரு."

"அந்தப் பதிவை வெறும் படமாவாச்சும் பாக்க முடியாதா?"

"அவரு மனசால கேட்டா மட்டும்தான் பூட்டுத் திறக்கும். எங்களுக்கும் திறக்காது. ஒருத்தரோட ஞாபகத்த இன்னொருத்தர் பாத்துரக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சாங்க. நல்லதுக்குத்தான் செஞ்சாங்க." ஹசீனா சற்று நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு செய்யலாம். கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராம் ஓடலைன்னா, புதுசா ஒரு யூசர் அக்கவுண்ட் திறந்து பாப்போம். இதுலயும் நான் சோதிச்சுப் பாத்தேன். புதுக் கணக்குல தேடி ஓடுது. இன்னியிலிருந்து நடக்கறதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்."

"பழைய ஏழு வருசம்?"

"பழைய கணக்குலயே பூட்டிக் கெடக்கும்."

சுகந்தி திரும்பி, வெளியே டிவி பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. புதுக் கணக்குத் திறந்ததும் நெருங்கினவங்க யாராவது பக்கத்துல உக்காந்து, அவரு யாரு, இடையில என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லணும். அதுதான் வேர் மாதிரி. பின்னால வர்றதெல்லாம் அதுலதான் கட்டும். பின்னாடி வேற மாதிரிச் சொன்னீங்கன்னா ரெண்டும் முட்டிக்கும். அவருக்குத் தலை சுத்தும், பயந்துருவாரு. அதனால யோசிச்சு, ஒரே தடவையாச் சொல்லுங்க."

"நான் என்ன சொன்னாலும் அதுதான் நிக்குமா?"

ஹசீனா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள். "சட்டப்படி அது உங்க விருப்பம். சரியா தப்பான்னு நாங்க கேக்க மாட்டோம்."

*

மறுநாள் சுகந்தி மருமகனுக்குப் போன் செய்தாள். ஹசீனா சொன்னதையும் தன் முடிவையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"புள்ள பூனால வேலையா இருக்கா, நல்லா இருக்கா, அப்பா மேல கோவம் இல்லன்னு சொல்லிரலாம்னு இருக்கேன் தம்பி. அவரு அந்தச் சாவுச் சேதிய மறுபடியும் ஒரு தடவ கேக்க வேண்டாம். நானும் சொல்ல வேண்டாம்."

மறுமுனையில் வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நானும் பூனாலதான் இருக்கோணும்" என்றான் ஜெயசீலன்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"மாமா நிம்மதியா இருக்கட்டும் அத்தை. நான் அந்தப் பக்கம் வரல. நீங்க மட்டும் அப்பப்பப் பேசுங்க."

"நீ என்ன தப்புப் பண்ணின தம்பி?"

"யாரும் ஒண்ணும் பண்ணலீங்க அத்தை" என்றான் அவன். அவன் குரல் மாறியதால் அவளே போனை வைத்துவிட்டாள்.

*

சேவை மையத்தில் சின்னதாக ஓர் அறை. இரண்டு நாற்காலிகள், ஒரு பாட்டில் தண்ணீர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹசீனா. சென்னியப்பனின் காதுக்குப் பின்னால், புதுக் கணக்கு ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

சுகந்தி விபத்திலிருந்து தொடங்கினாள். பட்டறையை விற்றது, அவர் தம்பி திருப்பூருக்குக் குடிபோனது, வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரம் விழுந்தது எல்லாம் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தான் கேட்க விரும்பாததைக் கேட்பது போல, "அந்தக் கழுதை?" என்றார்.

"பூனால இருக்கா. அவ வீட்டுக்காரரு கூட. நல்லா இருக்கா."

"எம்மேல இன்னும் கோவமா?"

"இல்லீங்க. அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. அதைப் பார்த்ததும் சுகந்திக்குத் தான் செய்வது சரி என்று தோன்றியது.

"எனக்கு அடிபட்டப்ப வந்தாளா?"

"வந்தா. ஐ.சி.யூ. வாசல்லயே கெடந்தா."

"அப்புறம்?"

"அப்புறமும் வந்தா."

"இந்தப் பொங்கலுக்கு?"

"லீவு கெடைக்கலீங்க."

"போன பொங்கலுக்கு?"

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"ஒரு போனப் போடு. பேசிப் பாக்கறேன்" என்றார்.

"இப்ப வேலைல இருப்பா. எடுக்க மாட்டா."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். முகம் மறுபடி இறுகிவிட்டது. "எடுக்க மாட்டா. எனக்குத் தெரியும். அப்பன் மண்டை உடைஞ்சு, நேத்து நடந்தது இன்னைக்குத் தெரியாமக் கெடக்கறான். வந்து எட்டிப் பாக்க ஒரு நாள் கெடைக்கல. கோவம் தீந்துபோச்சாமா. எப்படியாப்பட்ட கல்நெஞ்சு பாரு. நம்ம வயித்துல வந்து பொறந்திருக்குது."

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது பதிந்துவிடும் என்று சுகந்திக்கு உறைத்தது. நாளைக் காலையும் இதைத்தான் சொல்வார். அடுத்த பொங்கலுக்கும் சொல்வார். சாகும்வரை சொல்வார். 'ஆமாங்க' என்று அவளும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மகளை உயிரோடு வைத்திருப்பதென்றால் இப்படித்தான் வைத்திருக்க முடியும். கீமோ கொடுத்த கை வீங்கியிருந்தபோதும், 'அப்பா மாத்திரை போட்டாரா?' என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அது.

அவள் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். ஹசீனா கதவைத் திறந்தாள்.

"கண்ணு, இதை அழிச்சுரு. மொதல்ல இருந்து சொல்றேன்."

ஹசீனா ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஏதோ செய்துவிட்டு, ஆகிவிட்டது என்று கை காட்டினாள்.

சுகந்தி நாற்காலியை நெருக்கிப் போட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் இப்ப சொன்னது பொய். நம்ம புள்ள கல்நெஞ்சுக்காரி இல்ல. அவ செத்துப்போயிட்டா."

அவர் அழுது ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு மிச்சத்தைச் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் பார்த்தாள். விபத்து நடந்து ஒரு வருடம் கழித்து அவராகவே மகள் வீட்டுக்குக் கிளம்பினார் என்றும், முதல் தடவை கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார் என்றும் சொன்னாள். இரண்டாம் தடவை கதவைத் திறந்தது ஜெயசீலன்தான். உள்ளே போய், தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். அதைச் செய்ய அவருக்கு அவ்வளவு நாளானது.

"அந்தப் பையன் வீட்டுலயா நான் தண்ணி குடிச்சேன்?"

"குடிச்சீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமையானா அவரு வரலைன்னா, ஏன் வரலைன்னு என்னைத்தான் நச்சரிப்பீங்க."

அவரால் அதை நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

"ஆஸ்பத்திரில அவளுக்கு ஒண்ணும் எறங்காது. அரிசிம்பருப்புச் சோத்தைக் குழைய ஆக்கிக் கொண்டு போவேன். நான் குடுத்தா ரெண்டு வாய். நீங்க குடுத்தா நாலு வாய் வாங்குவா."

"நான் ஊட்டினேனா?"

"ஊட்டினீங்க."

அவர் தன் வலது கையை விடுவித்துப் பார்த்தார். "இந்தக் கையிலயா?"

"அந்தக் கையிலதான்."

அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

இதற்குச் சுகந்தி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது: "நான் வெளிய இருந்தேங்க. உள்ள நீங்களும் அவளும்தான். நீங்க கதவைச் சாத்திட்டு வெளிய வந்தப்ப கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல. அது உங்களோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எனக்குள்ளதான் இருக்குதா?"

"அந்த மிஷின்ல இருக்குதுங்க. எடுக்க முடியாதாம்."

அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹசீனா எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

*

மறுநாள் சுகந்தி கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. கூடத்தில் பார்த்தாள். சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுகை வெளியே கேட்காமல் இருக்க, தோள் துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்.

அவள் அருகில் போய் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாக அவள் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தது அவர் முகத்திலும் இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு வந்தது நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்தபோது கூச்சமாகவும் இருந்தது. கீழே அவர் காலருகில் உட்கார்ந்து, தேடி நின்றுபோன பிறகு முதல் முறையாக வாய் விட்டு அழுதாள்.

"அந்தப் பையனை வரச் சொல்லு" என்றார் அவர், வெகுநேரம் கழித்து. "நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா நெஞ்சுக்குள்ள இன்னும் கோவம்தான் இருக்குது. அவன் மூஞ்சியப் பாத்தா என்ன தோணும்னு தெரியல. இருந்தாலும் வரச் சொல்லு."

"சொல்றேங்க."

அப்போது போன் அடித்தது. ஹசீனா.

"அம்மா, எழுந்துட்டாரா? தேடி வேலை செய்யுதா?"

"செய்யுது கண்ணு."

"நிச்சயமாத் தெரியுங்களாம்மா? என்ன கேட்டுப் பாத்தீங்க?"

"ஒண்ணும் கேக்கல" என்றாள் சுகந்தி. "நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து, தனியா உக்காந்து அழுதுட்டு இருந்தாரு."